குடிலுக்குள் வந்த பொக்லைன்

போன வாரம் மூன்று நாட்கள் என் வலது உள்ளங்கை பச்சையாக இருந்தது.

மருதாணி இல்லை. பெயின்ட்! சோப்பு போட்டேன், தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், பாத்திரம் துலக்கும் நாரால்கூடச் சுரண்டிப் பார்த்தேன்... அசையவில்லை. காய்கறிக் கடை அம்மா மீதிச் சில்லறை கொடுக்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், எந்தக் கட்சி?” என்றார்.

கட்சியெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸ்!

ஒரு யு.கே.ஜி. வகுப்பில் இருபத்தாறு குழந்தைகளோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தேன். ஐந்து வயசுக் குழந்தைகள் என்றால் என்னவோ பூந்தொட்டி என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்த பிறகுதானே தெரிகிறது?

எங்கள் ஒரகடம் அபார்ட்மென்டில் மேல் வீட்டில் இருப்பவள் ஜெசிந்தா. பக்கத்து கிராமத்துப் பெண். கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். வாலாஜாபாத் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. மிஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து காலிங் பெல் அடித்தாள்.

“அக்கா, நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்கா?”

“எழுதற வேலைதான். என்ன விஷயம்?”

“கிறிஸ்துமஸ் ஆக்டிவிட்டி இருக்கு. எங்க ஆயாம்மா லீவு. ரெண்டு கை எக்ஸ்ட்ரா வேணும்க்கா.”

எழுத்தாளர் என்று கூப்பிடவில்லை, சிறப்பு விருந்தினர் என்று கூப்பிடவில்லை. ரெண்டு கை! இதைவிட நேர்மையான அழைப்பு எனக்கு இதுவரை வந்ததில்லை. சரி என்றேன். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கைவேலை வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். அதில் வரும் குழந்தைகள் எல்லாம் அமைதியாக உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே ஒட்டுகிறார்கள். அவர்களை எந்தக் கடையில் வாங்குகிறார்களோ!

மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே ஜெசிந்தா காதோரமாக ரெண்டு எச்சரிக்கை கொடுத்தாள். “கத்தரிக்கோலைக் கீழ வைக்காதீங்க. கிளிட்டரைக் கண்ணுல காட்டாதீங்க.”

சுற்றிலும் ஃபேக்டரிகள் என்பதால், எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வசதி உண்டு. கைவேலைக்குச் சாமான் கேட்டால், அப்பாக்கள் கம்பெனியில் கேட்டு வாங்கி அனுப்பிவிடுவார்கள். அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ஃபோம் ஷீட், பாதி ஆள் உயரத்துக்கு ஒரு பபிள் ராப் சுருள்... எல்லாம் மெஷின் பார்ட்ஸ் சுற்றி வந்தவை. பபிள் ராப்பை விரித்து, அதுதான் பனி என்று சொல்லலாம் என்பது என் ஐடியா.

“ஸ்நோன்னா இன்னா மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பெண் பதில் சொன்னாள். “ஃப்ரிட்ஜ்ல மேல ஒட்டினு இருக்கும்ல, அது.”

அவ்வளவுதான் விளக்கம். பிறகு ஒருவன் ஒரு குமிழை அழுத்தினான். டப்! இருபத்தாறு பேரும் பாய்ந்தார்கள். ரெண்டே நிமிஷத்தில் பனிக்காலம் முடிந்துவிட்டது.

அடுத்தது உள்ளங்கை மரம். பச்சை பெயின்டில் கையை முக்கி, சார்ட்டில் கீழிருந்து மேலாகப் பதித்தால் கிறிஸ்துமஸ் மரம். எப்படிச் செய்வது என்று காட்ட நான்தான் முதல் கையை வைத்தேன் – அதன் பலனைத்தான் மேலே சொன்னேன். மரம் அழகாகத்தான் வந்தது. என்ன, சுவரிலும் ரெண்டு மரம் வந்தது. என் புடவையில் ஒன்று.

பேப்பர் தட்டில் பஞ்சு ஒட்டி சான்டா தாத்தா செய்யும்போதுதான் மோனிஷ் அந்தக் கேள்வியைக் கேட்டான். மோனிஷ் யார் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் பையன். முன்பல் ரெண்டும் இல்லை. அதனால் வாய்க்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

“மிஸ், சான்டா தாத்தா எந்த ஷிப்ட்?”

ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. “நைட் ஷிப்ட்.”

“அப்போ பகல்ல தூங்குவாரு,” என்றான் மோனிஷ், வகுப்பைப் பார்த்து. “யாரும் சத்தம் போடக் கூடாது!”

நம்புவீர்களா? வகுப்பே ஒரு நிமிஷம் அமைதியானது. அப்பா பகலில் தூங்குகிற வீடுகளில் வளர்கிற குழந்தைகள். அவர்களுக்கு அது ரொம்பவும் நியாயமான விஷயம்.

அந்த ஒரு நிமிஷ அமைதியில்தான் நான் ரிங்கியைக் கவனித்தேன்.

ரெண்டாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். இறுக்கிப் பின்னிய ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன். அவள் தட்டில் இருந்த சான்டாவுக்குத்தான் தாடி ஒழுங்காகத் தாடையில் இருந்தது. மற்றவர்களுடைய சான்டாக்களுக்கெல்லாம் நெற்றியில், காதில், ஒன்றுக்குக் கண்ணிலேயே தாடி. “அழகா இருக்கே! உன் பேர் என்ன?” என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். பதில் இல்லை. தாடியில் பிசிறிக்கொண்டிருந்த பஞ்சை அமுக்கிவிட்டாள்.

இன்டர்வெல்லில் ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

அவள் முகம் மாறியது. “ஜூன்ல சேர்ந்தாக்கா. ஜார்கண்ட் பக்கம். அப்பா இங்க ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில அசெம்பிளி லைன்ல இருக்காரு. ஆறு மாசமா இந்தப் பொண்ணு கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசலை. அட்டென்டன்ஸ் எடுத்தா கை மட்டும் தூக்குவா. எழுதச் சொன்னா எழுதுவா. வாய் மட்டும் திறக்க மாட்டா.”

“வீட்டுல?”

“வீட்டுல அவங்க பாஷையில வாய் ஓயாம பேசறாளாம். அம்மா சொன்னாங்கன்னு அப்பா சொன்னாரு.”

“அப்புறம் என்ன கவலை?”

“கரஸ்பாண்டன்ட் சார் விடமாட்டேங்கறாருக்கா. ஓரல் டெஸ்ட்ல எல்லாத்துலயும் ஜீரோ. காது கேக்குதான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லு, இல்லன்னா திரும்ப எல்.கே.ஜி.ல போடுன்னு சொல்றாரு. வர்ற சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். அவங்க அப்பா வேற, இங்க இவளுக்குப் படிப்பு வரலன்னா அம்மாவையும் பசங்களையும் ஊருக்கே அனுப்பிடறேங்கறாரு. அவ தம்பிக்கு இப்பதான் எட்டு மாசம்...”

நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “பேச வைக்காதது என் தப்பு மாதிரியே இருக்குக்கா.”

எனக்கோ வேறு ஒரு விதமாக ஆர்வம் கிளம்பிவிட்டது. ஆறு மாதம்! நம்மால் ஆறு நிமிஷம் சும்மா இருக்க முடியுமா? அந்தக் குட்டித் தலைக்குள் என்னதான் நடந்துகொண்டிருக்கிறது? இன்டர்வெல் முடிந்ததும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் நாலு வாக்கியம். அதில் பேர் கேட்கிற வாக்கியத்தை எடுத்து விட்டேன். “தும்ஹாரா நாம் க்யா ஹை?”

ரிங்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரிதாபப் பார்வை. எனக்குத்தான் ஏதோ பிரச்னை என்று முடிவு செய்துவிட்டாள் போல.

மத்தியானம் குடில் கட்டும் வேலை. இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தை அட்டைப்பெட்டியில் செய்ய வேண்டும். ஆறேழு பேருக்கு ஒரு பெட்டி. பக்கத்து ஊரில் மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து ஜெசிந்தா ஒரு பை நிறைய வைக்கோல் கொண்டுவந்திருந்தாள். கலர் கிளே கொடுத்து, மரியாள், யோசேப்பு, ஆடு, மாடு எல்லாம் செய்யச் சொன்னோம். நாலு குடிலிலும் சேர்த்து மாடுகள் மட்டும் பத்தொன்பது வந்தன. ஒரு குடிலில் யோசேப்பு இல்லை. கேட்டால், “ஓ.டி. பார்க்கப் போயிருக்காரு” என்றாள் ஒரு பெண்.

ரிங்கியும் மோனிஷும் ஒரே பெட்டி. ரிங்கி ஒரு குழந்தை செய்தாள். அரை விரல் நீளம்கூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற குழந்தை. என் கைக்குட்டை ஓரத்திலிருந்து பிய்ந்து வந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து, கழுத்துவரைக்கும் சுற்றினாள். வைக்கோலைப் பள்ளமாக்கி, அதில் படுக்க வைத்தாள். பிறகு ஸ்கெட்ச் பென்னைத் தேடி எடுத்து, குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

திருஷ்டிப் பொட்டு! பெத்லகேமில் யாருக்கும் தோன்றாத யோசனை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இருக்கட்டும்க்கா. நல்லதுதானே.”

அப்போதுதான் மோனிஷ் தன் பையிலிருந்து ஒரு பொம்மை பொக்லைனை எடுத்தான். மஞ்சள் நிறம். எங்கள் ஊரில் மாட்டைவிடக் குழந்தைகள் அதிகம் பார்ப்பது அதைத்தான். டுர்ர்ர்... என்று வாயால் சத்தம் போட்டபடி, வைக்கோலை நசுக்கிக்கொண்டு குடிலுக்குள் ஓட்டினான். அதன் கையைத் தாழ்த்தி, அந்தக் குழந்தையை அப்படியே வாரி எடுத்தான்.

“டேய்!”

யார் குரல் என்று எனக்குப் புரியவில்லை.

“இன்னாடா பண்ற? பாப்பா தூங்கினு கீதுல்ல? வைடா கீழ! அறிவு கீதா உனுக்கு?”

ரிங்கி எழுந்து நின்றிருந்தாள். ரெண்டு கையும் இடுப்பில். சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ்! ஓர் எழுத்து பிசகவில்லை.

மோனிஷ் குழந்தையை எடுத்து வைக்கோலில் வைத்தான். “சாரி ரிங்கி,” என்றான். பொக்லைனை ரிவர்ஸ் எடுத்தான்.

ஜெசிந்தா கையிலிருந்த கம் பாட்டில் தரையில் விழுந்து உருண்டது. ஆனால் – இதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம் – வகுப்பில் ஒரு குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் மாட்டுக்கு அவரவர் வால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரிங்கி பேசறாடா!” என்றாள் ஜெசிந்தா, யாரிடம் என்று இல்லாமல்.

மோனிஷ் நிமிர்ந்து பார்த்தான். “அவ வேன்ல எப்பவுமே பேசினுதான் மிஸ் வருவா.”

“வேன்லயா?”

“ஆமா மிஸ். வாயே மூட மாட்டா.” நாலைந்து தலைகள் ஆமோதித்தன.

“இவ்ளோ நாளா ஏன்டா என்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேக்கவே இல்லியே மிஸ்.”

அட, ஆமாம்! அம்மாவைக் கேட்டோம், அப்பாவைக் கேட்டோம், காது டாக்டரைக் கேட்கலாம் என்றோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இருபத்தைந்து பேரைக் கேட்க யாருக்குமே தோன்றவில்லை!

ஜெசிந்தா அவன் உயரத்துக்குக் குனிந்தாள். “அப்போ கிளாஸ்ல மட்டும் ஏன்டா பேச மாட்டேங்கறா?”

மோனிஷுக்கு அது ரொம்பச் சின்னக் கேள்வி. “நான்தான் மிஸ் சொன்னேன். வேன்ல பேசறாப்பல கிளாஸ்ல பேசுனா மிஸ் திட்டுவாங்கன்னு. என்னைத் திட்டுவீங்கல்ல... இன்னான்னு சொல்லாத, என்னன்னு சொல்லு, கீதுன்னு சொல்லாத, இருக்குன்னு சொல்லுன்னு?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். “அவளுக்கு வேற தமிழ் தெரியாது மிஸ்.”

ஜெசிந்தா நிமிரவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் திட்டியதில் தப்பில்லை. எல்லா மிஸ்ஸும் சொல்வதுதான்; அவளுக்கும் சின்ன வயசில் யாரோ சொல்லியிருப்பார்கள். மோனிஷுக்கு அது ஒரு திட்டு, அவ்வளவுதான். துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த நிமிஷம் வேறு ஏதாவது பேசுவான். ஆனால் ரிங்கியிடம் இருந்தது ஒரே ஒரு தமிழ். வேன் சீட்டில் சேர்த்தது. அதுவும் செல்லாது என்று யாரோ சொன்னால், வாயை மூடிக்கொள்வதைத் தவிர ஐந்து வயதில் வேறென்ன செய்ய முடியும்?

எனக்கு அது புரிந்தது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக் காலேஜுக்கு வந்த முதல் வாரம், “அங்கன என்ன நடக்கு?” என்று கேட்டேன். என் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. சும்மா சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு செமஸ்டர் முழுக்க நான் பேசியது ‘யெஸ்’, ‘நோ’ மட்டும்தான். எனக்கு அப்போது பதினேழு வயசு. இவளுக்கு ஐந்து!

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்தபடியே குடில் பக்கம் நகர்ந்து போனாள். ரிங்கி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் கலங்கி... பேசிவிட்டோமே, திட்டு விழப்போகிறதே என்று.

ஜெசிந்தாவின் குரல் மாறியது. அவள் தன் அம்மாவோடு போனில் பேசும்போது மாடியிலிருந்து எனக்குக் கேட்குமே, அந்தக் குரல்.

“இன்னா ரிங்கி... பாப்பா தூங்குதா?”

ரிங்கி அவளையே பார்த்தாள். மிஸ்தானா பேசுவது என்று சந்தேகம். மோனிஷைப் பார்த்தாள். அவனுக்கும் அதே சந்தேகம்.

“பாப்பாக்கு இன்னா பேரு வெச்சிகீற?”

ரிங்கி குனிந்து பாப்பாவைப் பார்த்தாள். பிறகு, சின்னதாக, “மிஸ்... மெதுவா பேசுங்க. எழுந்துக்கும்” என்றாள்.

ஜெசிந்தா அவளை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் சார்ட்டைச் சரிசெய்கிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை இருக்கிறதே!

நானும் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். கரஸ்பாண்டன்ட் சார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். இதே ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சொந்த நிலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதைவிட விறைப்பாக இஸ்திரி போட்ட பேச்சு. ரிங்கியின் அப்பா ஷிப்ட் முடித்து, கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். பக்கத்தில் அம்மா, மடியில் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்த குட்டித் தம்பி. எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்த கிளே பொம்மைக்கு மாடல் யார் என்று!

“சார், ரிங்கி பேசறா,” என்றாள் ஜெசிந்தா.

“அப்படியா? வெரி குட்,” என்றவர் ரிங்கி பக்கம் குனிந்தார். “வாட் இஸ் யுவர் நேம்?”

ரிங்கி தரையைப் பார்த்தாள்.

“உன் பெயர் என்ன, பாப்பா?”

ரிங்கி இன்னும் கீழே பார்த்தாள். அவள் அப்பா சாரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்பெனியில் கற்றுக்கொண்ட தமிழில், “சார்... பரவால்ல சார்... நான் ஊருக்கு அனுப்புது” என்றார். அம்மாவுக்குத் தமிழ் புரியாது. ஆனால் அவர் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்ட விதத்தைப் பார்த்தால், புரிந்த மாதிரிதான் இருந்தது.

“சார், ஒரு நிமிஷம்,” என்றாள் ஜெசிந்தா. வேலை கொடுத்தவரிடம் சொல்கிற விஷயமா அது? “நீங்க... உங்க வூட்டுல கேக்கற மாதிரி கேளுங்க சார்.”

“என்ன?”

“நம்ம ஊர்ல கேக்கற மாதிரி சார்.”

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னாம்மே... உன் பேரு இன்னா?”

ரிங்கியின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

“ரிங்கி,” என்றாள். சத்தமாக. பிறகு, பேச்சு என்றால் அப்படித்தானே, அடுத்து நாம் கேட்க வேண்டாமா என்கிற மாதிரி, அவரைப் பார்த்துக் கேட்டாள். “உன் பேரு இன்னா?”

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் என்ன கேட்டாள் என்று பாதி புரிந்த ரிங்கியின் அப்பா, பாதி எழுந்துவிட்டார். ஊரே எழுந்து நின்று ‘சார்’ என்று கூப்பிடுகிற மனிதரிடம் இந்தக் கேள்வியைக் கடைசியாக யார், எப்போது கேட்டார்களோ தெரியவில்லை. சார் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் குனிந்தார்.

“வூட்டுல குட்டின்னு கூப்புடுவாங்க,” என்றார்.

ரிங்கி ஊருக்குப் போகவில்லை; யு.கே.ஜி.யிலேயே இருக்கிறாள். கரஸ்பாண்டன்ட் சாரைக் காரிடாரில் பார்த்தால், “குட் மார்னிங் குட்டி சார்” என்கிறாளாம்.